பட ரீசனிங் கேள்வி: 'தானா தோணும்'னு காத்திருக்க வேணாம், உள்ள நடக்கறது இதுதான்

வேலூர் பக்கம் இப்ப எந்தத் தெருவுல பாத்தாலும் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்காங்க. எட்டாவது படிக்கிற பொண்ணு என்எம்எம்எஸ் ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதுது, அண்ணன் குரூப் 4, எதிர்வீட்டுப் பையன் எஸ்எஸ்சி, காட்பாடி பக்கம்னா ரயில்வே, காலேஜ் முடிக்கப் போறவங்களுக்கு கம்பெனிக்காரங்க வைக்கிற ஆப்டிடியூட் டெஸ்ட். பேரு வேற வேற, ஆனா ஏதோ ஒரு ரூபத்துல இந்தக் கேள்வி வந்துடும்: நாலு படம் வரிசையா இருக்கும், அஞ்சாவது எது? இல்லன்னா மூணுக்கு மூணு கட்டத்துல எட்டுப் படம் இருக்கும், ஒம்பதாவது கட்டம் காலியா இருக்கும், கீழ நாலு ஆப்ஷன். டிஎன்பிஎஸ்சி சிலபஸ்லயே 'விஷுவல் ரீசனிங்'னு தனியா ஒரு தலைப்பு இருக்கு, என்எம்எம்எஸ்ல மனத்திறன் தாள்னு 90 கேள்வி, 90 நிமிஷம், அதுலயும் இது வரும்.

இத பத்தி ஊர்ல சுத்தற பேச்சு மூணு. 'அதெல்லாம் பொறவியிலயே மூளை இருக்கறவனுக்குத்தான் வரும்'னு ஒண்ணு. 'உத்துப் பாத்துகினே இரு, தானா தோணும்'னு இன்னொண்ணு. 'ஆப்ஷன்ல எது அதிகமா ரிபீட் ஆவுதோ அத போட்டுடு'ன்னு மூணாவது. இந்த மூணையும் கேட்டுட்டு, நல்லா கணக்கு போடற புள்ளைங்க கூட 'எனக்கு இன்னாவோ படக் கேள்வி மட்டும் வரல சார்'னு அந்தப் பக்கத்தையே திருப்பிட்டுப் போயிடுதுங்க, அத பாக்கறப்ப எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா இருக்கற கேள்வியிலயே மொழியும் பாடமும் கம்மியா தேவைப்படறது இதுதான். தமிழ் மீடியம் புள்ளைக்கும் இங்கிலீஷ் மீடியம் புள்ளைக்கும் இங்க வித்தியாசம் கிடையாது.

அதனால ஆரம்பத்துல இருந்து போகலாம்.

லுங்கியில இருந்து ஆரம்பிப்போம்

குடியாத்தம் பக்கம் நெய்யற கட்டம் போட்ட லுங்கி ஒண்ண கையில எடுத்துக்குங்க. கடையில வாங்கறவங்க கண்ணுக்கு அது ஒரு டிசைன், அவ்ளோதான். நீலக் கட்டம், நடுவுல வெள்ளக் கோடு, எங்கயோ ஒரு சிவப்பு, ரெண்டும் வெட்டிக்கற எடத்துல ஒரு மாதிரி ரோஸ் கலர். 'அடேங்கப்பா எவ்ளோ சிக்கலா போட்டிருக்கான்'னு தோணும்.

ஆனா தறியில அப்படி ஒரு சிக்கல் கிடையாது. நீளவாக்குல போற நூலு பாவு, குறுக்க போற நூலு ஊடை. பாவுல ஒரு கணக்கு: எட்டு நீலம், ரெண்டு வெள்ள, மறுபடி எட்டு நீலம், ரெண்டு வெள்ள. ஊடையில தனியா ஒரு கணக்கு: ஆறு நீலம், ரெண்டு சிவப்பு. பாவுக்கு ஊடை என்ன பண்ணுதுன்னு தெரியாது, ஊடைக்குப் பாவு என்ன பண்ணுதுன்னு தெரியாது, ரெண்டும் அது அது பாட்டுக்கு எண்ணிட்டுப் போகுது. அந்த ரோஸ் கலர யாரும் தனியா முடிவு பண்ணி வைக்கல, வெள்ளப் பாவும் சிவப்பு ஊடையும் குறுக்க வந்ததால தானா வந்தது அது.

பட ரீசனிங் கேள்வியும் அச்சு அசல் இப்படித்தான் தயார் பண்றாங்க. ரொம்ப சாதாரண விதி ரெண்டோ மூணோ, ஒவ்வொண்ணும் தனித்தனியா ஓடும், எல்லாத்தையும் ஒரே படத்துல ஒண்ணு மேல ஒண்ணா போட்டுடுவாங்க. மொத்தமா பாத்தா தல சுத்தும், ஒரு நூலப் பிடிச்சு அத மட்டும் எண்ணினா சின்னப் பிள்ளை கூட சொல்லிடும்.

அடுக்குன்னா என்ன

படத்துல தனியா மாறக்கூடிய ஒவ்வொரு விஷயத்தையும் நான் 'அடுக்கு'ன்னு சொல்றேன். வடிவம் ஒரு அடுக்கு, எத்தனை இருக்குங்கறது ஒரு அடுக்கு, எங்க இருக்குங்கறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கறது, அளவு, உள்ள கருப்பா வெள்ளையா கோடு போட்டதாங்கறது. பெரும்பாலான கேள்விக்கு இந்த ஆறுக்கு மேல தேவப்படாது.

ஒரு உதாரணம் பாப்போம், பேப்பர் எடுத்து வரைஞ்சுக்கிட்டே படிச்சீங்கன்னா இன்னும் நல்லது. நாலு சதுரம் வரிசையா இருக்கு. முதல் சதுரத்துக்கு மெல்லிசான பார்டர், இடது மேல் மூலையில ஒரு புள்ளி, நடுவுல வட்டம். ரெண்டாவதுக்குத் தடியான பார்டர், வலது மேல் மூலையில புள்ளி, நடுவுல முக்கோணம். மூணாவது மெல்லிசு, புள்ளி வலது கீழ் மூலை, நடுவுல சின்னச் சதுரம். நாலாவது தடி, புள்ளி இடது கீழ் மூலை, நடுவுல மறுபடி வட்டம். அஞ்சாவது என்ன?

மொத்தமா மனசுல ஓட்டிப் பாத்தா கலங்கிடும். ஒவ்வொரு அடுக்கா எடுங்க. பார்டர் மெல்லிசு, தடி, மெல்லிசு, தடி, அப்ப அடுத்து மெல்லிசு. இத கண்டுபிடிச்ச உடனேயே ஆப்ஷனுக்குப் போயி தடி பார்டர் இருக்கறத எல்லாம் அடிச்சிடுங்க. அடுத்து புள்ளி, கடிகாரம் சுத்தற பக்கமா மூலைக்கு மூலை நகருது, நாலு மூலையும் முடிஞ்சுது, அப்ப திரும்ப இடது மேல். பொருந்தாதத அடிச்சிடுங்க. கடைசியா நடுவுல இருக்கற வடிவம், வட்டம், முக்கோணம், சதுரம், வட்டம், அப்ப அடுத்து முக்கோணம். மெல்லிசு பார்டர், இடது மேல் புள்ளி, நடுவுல முக்கோணம். முடிஞ்சுது. நிறைய தடவ மூணாவது அடுக்கு வரைக்கும் போகவே வேண்டியிருக்காது, ரெண்டு அடுக்குலயே ஒரே ஒரு ஆப்ஷன்தான் மிஞ்சி நிக்கும்.

இதுவரைக்கும் பாத்தது இவ்ளோதான்: படம்ங்கறது ஒரே பொருள் இல்ல, தனித்தனியா ஓடற சில அடுக்கு. ஒரு நேரத்துல ஒரு அடுக்கு மட்டும், அதுக்கு விதி கிடைச்ச உடனே ஆப்ஷன அடிக்கணும்.

'தோணும்'னு காத்திருந்தா ஏன் தோணாது

நம்ம மூளைக்கு ஒரு நேரத்துல பிடிச்சு வெச்சு வேலை செய்யற இடம் ஒண்ணு இருக்கு, கடையில கணக்கு கூட்டறப்ப இடையில வர்ற எண்ண மனசுலயே வெச்சிருக்கோமே அந்த இடம். இதுக்கு செயல்படு நினைவுன்னு பேரு. இந்த இடம் ரொம்பச் சின்னது, ஒரே சமயத்துல நாலஞ்சு விஷயத்துக்கு மேல நிக்காது. மூணு அடுக்கு, நாலு படம்னா பன்னெண்டு விஷயம் ஆயிடுச்சு. உத்துப் பாத்துட்டே இருந்தா ஒண்ணு உள்ள போறப்ப இன்னொண்ணு வெளிய விழுது, ஒரு நிமிஷம் கழிச்சுப் பாத்தா ஆரம்பிச்ச எடத்துலயேதான் இருப்பீங்க. மூளை மட்டம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, எல்லாருக்கும் அந்த இடம் அவ்ளோதான்.

அமெரிக்காவுல கார்பென்டர், ஜஸ்ட், ஷெல்னு மூணு பேரு 1990ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க. இந்த மாதிரி மூணுக்கு மூணு கட்டப் புதிர் போடறவங்களோட கண்ணு எங்கெங்க போகுதுன்னு கருவி வெச்சுப் பாத்தாங்க. நல்லா போடறவங்களுக்கும் விடை ஒரே பார்வையில வந்து விழல. பக்கத்துப் பக்கத்து ரெண்டு படத்த ஒப்பிட்டு, ஒரு சின்ன விதியப் பிடிச்சு, திரும்ப வந்து அடுத்த விதியத் தேடின்னு துண்டு துண்டாத்தான் போனாங்க. கஷ்டமான கேள்வியில ஆளுக்கு ஆள் வித்தியாசம் எதுல வந்துச்சுன்னா, விதிய மோப்பம் பிடிக்கறதுல கொஞ்சம், அப்புறம் கண்டுபிடிச்ச விதிங்கள நழுவ விடாம வரிசையா வெச்சுக்கறதுல. இந்த ரெண்டாவதுக்கு நம்மகிட்ட பென்சில் இருக்கு. ரஃப் ஷீட்ல பார்டர் மெல்லிசுன்னா 'பா: மெ', புள்ளி இடது மேலன்னா 'பு: இ.மே'ன்னு சுருக்கமா எழுதிக்கிட்டாலே பாதி பாரம் இறங்கிடும். எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே, ஆனா படக் கேள்விக்கு ரஃப் ஷீட் எடுக்கற புள்ளையப் பாக்கறது ரொம்ப அபூர்வம்.

விதிங்க மொத்தம் எத்தனை

கேள்வி ஆயிரம் இருக்கலாம், விதி கொஞ்சம்தான். மாறாம அப்படியே இருக்கறது முதல் விதி, இத யாரும் விதியா நெனைக்க மாட்டாங்க, ஆனா ஒரு வரிசையில மூணுமே கருப்பா இருக்குன்னா அதுவும் ஒரு தகவல்தான், ஆப்ஷன அடிக்க உதவும். அடுத்தது படிப்படியா ஏறது இறங்கறது: ஒண்ணு, ரெண்டு, மூணு குச்சி, இல்ல 45 டிகிரி, 90 டிகிரி, 135 டிகிரின்னு திரும்பறது. மூணாவது பங்கு போடறது, அதாவது வட்டம், முக்கோணம், சதுரம் மூணும் ஒவ்வொரு வரிசையிலயும் ஒவ்வொரு தடவ வரும், எடம் மட்டும் மாறும்.

நாலாவது கூட்டல் கழித்தல், இதுலதான் அதிகம் பேரு மாட்டறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். முதல் கட்டத்துல இருக்கற கோடும் ரெண்டாவது கட்டத்துல இருக்கற கோடும் சேந்து மூணாவது கட்டம் ஆகும். சேர்றதுல மூணு வகை. எல்லாக் கோட்டையும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு போடறது ஒரு வகை. ரெண்டுலயும் பொதுவா இருக்கற கோடு மட்டும் மிஞ்சறது ஒரு வகை. மூணாவது இதுக்கு நேர் எதிர், பொதுவா இருக்கற கோடு காணாம போயிடும், ஒண்ணுல மட்டும் இருக்கறது மிஞ்சும். முதல் கட்டத்துல நின்ன கோடும் படுத்த கோடும் சேந்த கூட்டல் குறி, ரெண்டாவதுல நின்ன கோடும் ஒரு சாய்ஞ்ச கோடும்னு வெச்சுக்குங்க. முதல் வகைன்னா விடையில மூணு கோடும் இருக்கும். ரெண்டாவது வகைன்னா நின்ன கோடு மட்டும். மூணாவது வகைன்னா படுத்த கோடும் சாய்ஞ்ச கோடும். எந்த வகைன்னு எப்படித் தெரியும்? முழுசா இருக்கற முதல் வரிசைய வெச்சு முடிவு பண்ணி, ரெண்டாவது வரிசையில சரியா வருதான்னு பாத்துட்டுத்தான் மூணாவதுக்குப் போகணும். வரிசையில மூணாவது படம் மட்டும் வித்தியாசமா, முதல் ரெண்டோட துண்டெல்லாம் சேந்த மாதிரி தெரிஞ்சா உடனே இந்த விதியச் சந்தேகப்படுங்க.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டே படத்த வெச்சு விதிய முடிவு பண்ணவே கூடாது. ஒரு குச்சி, அப்புறம் ரெண்டு குச்சின்னா ஒண்ணு கூடுதா இல்ல ரெட்டிப்பாவுதா? மூணாவது படத்துல மூணு இருக்கா நாலு இருக்கான்னு பாத்தாத்தான் தெரியும். ஒரு அம்புக்குறி மேல இருந்து கீழ திரும்பிடுச்சுன்னா அது கடிகாரப் பக்கமா சுத்துச்சா எதிர்ப்பக்கமான்னு அந்த ரெண்டு படத்துல இருந்து சொல்லவே முடியாது.

மூணுக்கு மூணு கட்டம், ஒண்ணு போட்டுப் பாப்போம்

படங்கள வரிசையும் பத்தியுமா அடுக்கி வெச்சத மேட்ரிக்ஸ்னு சொல்வாங்க. இதுல பாவும் ஊடையும் மாதிரி குறுக்கவும் விதி ஓடும், மேலிருந்து கீழயும் ஓடும்.

முதல் வரிசை: காலி வட்டம், கீழ ஒரு குச்சி; காலி முக்கோணம், ரெண்டு குச்சி; காலி சதுரம், மூணு குச்சி. ரெண்டாவது வரிசை: பாதி கருப்பான முக்கோணம், ரெண்டு குச்சி; பாதி கருப்பான சதுரம், மூணு குச்சி; பாதி கருப்பான வட்டம், நாலு குச்சி. மூணாவது வரிசை: முழு கருப்புச் சதுரம், மூணு குச்சி; முழு கருப்பு வட்டம், நாலு குச்சி; அடுத்த கட்டம்தான் நாம கண்டுபிடிக்க வேண்டியது.

கருப்பு அடுக்க பாத்தா வரிசைக்குள்ள மாறல, அதனால விடை முழு கருப்பு. வடிவத்துல மூணும் ஒவ்வொரு தடவ வரணும், சதுரமும் வட்டமும் வந்துடுச்சு, மிச்சம் முக்கோணம். குச்சி வரிசையில ஒண்ணு ஒண்ணா ஏறுது, மூணு, நாலு, அப்ப அஞ்சு. முழு கருப்பு முக்கோணம், கீழ அஞ்சு குச்சி. இப்ப மேலிருந்து கீழ கடைசிப் பத்திய சரி பாருங்க: குச்சி மூணு, நாலு, அஞ்சு, கருப்பு காலி, பாதி, முழு, வடிவம் சதுரம், வட்டம், முக்கோணம். எல்லாம் உக்காந்துடுச்சு. இந்தச் சரிபார்ப்புக்கு அஞ்சு செகண்டு கூட ஆகாது, ஆனா குறுக்க மட்டும் பாத்துட்டு அவசரமா போடறவங்களோட தப்பு பாதி இதுலயே பிடிபட்டுடும்.

திரும்பினதா, கண்ணாடியில தெரியறதா

புள்ளைங்கள அதிகமா ஏமாத்தறது இது. ஒரு படத்த பேப்பரோட சேத்துத் திருப்பினா அது சுழற்சி. கண்ணாடியில காட்டினா இடது வலதா மாறும், அது கண்ணாடி பிம்பம். தண்ணியில தெரியற மாதிரி மேல கீழ மாறினா நீர் பிம்பம். சுழற்சியில உருவம் மாறாது, பிம்பத்துல கைப்பக்கம் மாறிடும்.

கைப்பக்கம்னா என்னன்னு கடிகாரத்துல பாருங்க. மணி 3, பெரிய முள்ளு மேல 12ல இருக்கு, சின்ன முள்ளு வலது பக்கம் 3ல இருக்கு. பெரிய முள்ளுல இருந்து சின்ன முள்ளுக்குக் கிட்டப் பக்கமா போகணும்னா கடிகாரம் சுத்தற திசையில கால் சுத்து. இப்ப அந்தக் கடிகாரத்தையே கையில எடுத்து எப்படி வேணா திருப்புங்க, தலைகீழா கூட பிடிங்க, பெரிய முள்ளுல இருந்து சின்ன முள்ளுக்குப் போற திசை மாறவே மாறாது. ஆனா கண்ணாடியில காட்டினா 9 மணி மாதிரி தெரியும், அங்க அதே பயணம் எதிர்த்திசையில போகுது. அவ்ளோதான் டெஸ்ட். எந்தப் படமா இருந்தாலும் அதுல ரெண்டு அடையாளத்த பிடிச்சுக்குங்க, ஒரு நீளக் கையும் ஒரு குட்டைக் கையும் மாதிரி, முதல்ல இருந்து ரெண்டாவதுக்கு எந்தப் பக்கமா திரும்பறோம்னு கேளுங்க, அது மாறியிருந்தா பிம்பம், மாறலன்னா சுழற்சி. ஒரு எச்சரிக்கை: 'ப' மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற உருவத்துல இந்தக் கேள்விக்கே எடம் இல்ல, கண்ணாடியில காட்டினாலும் அது ப தான்.

ஏன் முழுப் படத்தையும் மனசுலயே சுத்திப் பாக்க வேணாம்னு சொல்றேன்னா, அதுக்கு நேரம் பிடிக்கும். ஷெப்பர்ட், மெட்ஸ்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1971ல இத அளந்து காட்டினாங்க, ரெண்டு உருவமும் ஒண்ணுதானான்னு சொல்றதுக்கு ஆகற நேரம், அதுங்களுக்கு நடுவுல இருக்கற கோணம் கூடக்கூட அதே அளவுல கூடிட்டே போச்சு. நிஜமாவே கையில ஒரு பொருளத் திருப்பற மாதிரி மனசும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் திருப்புது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்னு இருக்கற பரீட்சையில, ரெண்டு அடையாளத்த மட்டும் பிடிச்சுக்கிட்டா அந்தச் சுமை இறங்கிடும்.

சுருக்கமா இந்தப் பகுதி: திருப்பினா கைப்பக்கம் மாறாது, பிம்பத்துல மாறும், ரெண்டு அடையாளம் போதும். பகடை, பேப்பர் மடிச்சு ஓட்டை போடறது, முக்கோணம் எண்ணறது எல்லாம் வேற வகை, அதுக்கு வேற வழி இருக்கு, இங்க இழுத்துப் போட்டா குழப்பம்தான்.

ஆப்ஷன் தந்திரம் எங்க வேலை செய்யும், எங்க கவுத்துடும்

'அதிகமா ரிபீட் ஆவுறத போடு'ங்கற பேச்சு முழுப் பொய் இல்ல, அதுக்குக் காரணம் இருக்கு. தப்பான ஆப்ஷன் தயார் பண்றவங்க சரியான விடைய எடுத்து ஒரே ஒரு அடுக்க மட்டும் மாத்துவாங்க. மேல பாத்த கேள்விக்கு முழு கருப்பு முக்கோணம் அஞ்சு குச்சி சரி, அத மாத்தி முழு கருப்பு முக்கோணம் நாலு குச்சி, முழு கருப்பு வட்டம் அஞ்சு குச்சி, பாதி கருப்பு முக்கோணம் அஞ்சு குச்சின்னு வெச்சா, நாலுல மூணு முழு கருப்பு, மூணு முக்கோணம், மூணுல அஞ்சு குச்சி. கேள்விய பாக்காமயே விடை வந்துடுது.

ஆனா உஷாரான ஆளு வேற மாதிரி வைப்பாரு: முழு கருப்பு முக்கோணம் அஞ்சு, முழு கருப்பு முக்கோணம் நாலு, பாதி கருப்பு வட்டம் அஞ்சு, பாதி கருப்பு வட்டம் நாலு. எண்ணிப் பாருங்க, எல்லாம் ரெண்டுக்கு ரெண்டு. தந்திரம் செத்துடுச்சு. எஸ்எஸ்சி, ரயில்வே மாதிரி தப்புக்கு மார்க் கழிக்கிற பரீட்சையில இத நம்பி எறங்கறது எனக்குச் சம்மதம் இல்ல. ரெண்டு ஆப்ஷன விதி வெச்சு அடிச்சிட்டு, மிச்ச ரெண்டுல மாட்டிக்கிட்டு, நேரமும் இல்லன்னா அப்ப யோசிக்கலாம்.

பொறவியிலயே வர்றதா

இந்த மேட்ரிக்ஸ் கேள்விக்கு மூல ஆளு ஜான் ரேவன்ங்கற இங்கிலாந்துக்காரர், 1938ல 60 கேள்வியோட அவரோட டெஸ்ட் வெளிய வந்துச்சு. மொழி தேவையில்ல, பள்ளிக்கூடப் பாடம் தேவையில்ல, அதனால சுத்தமான மூளைத்திறன இது காட்டும்னு ரொம்ப பேரு நம்பினாங்க. அப்புறம் ஜேம்ஸ் ஃபிளின்ங்கற ஆராய்ச்சியாளர் 1980கள்ல பல நாட்டு மதிப்பெண்ண எடுத்து வெச்சுப் பாத்தாரு, தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிட்டே போயிருக்கு, அதுலயும் இந்த ரேவன் மாதிரி டெஸ்ட்டுலதான் ரொம்ப ஏறியிருக்கு. ஒரே தலைமுறையில ரத்தமும் மரபணுவும் மாறிடாது இல்லியா? அப்ப வளர்ற சூழல், படிப்பு, இந்த மாதிரி யோசிச்சுப் பழகறது எல்லாம் இதுல கலந்திருக்கு. ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லன்னு நான் சொல்ல வரல, இருக்கு. அதே மாதிரி நூறு கேள்வி போட்டுப் பழகினா மார்க் ஏறும், அதனால மத்த எல்லாத்துலயும் மூளை கூர்மையாயிடும்னும் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குத் தேவையான அளவு இத கத்துக்க முடியும், அத மட்டும் அடிச்சுச் சொல்லுவேன்.

வீட்டுல பழகறப்ப

ஆரம்பத்துல டைமர் வேணவே வேணாம். ஒரு நாளைக்குப் பத்து கேள்வி போதும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் விதிய வாய்விட்டுச் சொல்லணும்: 'புள்ளி ஒரு மூலை நகருது, பார்டர் மாறி மாறி வருது'ன்னு. சொல்ல வரலன்னா விதி இன்னும் கிடைக்கலன்னு அர்த்தம், விடை சரியா இருந்தாலும் அது குருட்டாம்போக்குல வந்தது. அம்மா அப்பாவுக்கு இந்தப் பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்ல, தறியில இருக்கறவங்களா இருக்கட்டும் ஷூ கம்பெனிக்குப் போறவங்களா இருக்கட்டும், பக்கத்துல உக்காந்து 'இது ஏன்மா இப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு'ன்னு கேட்டாலே போதும், புள்ள சொல்றப்பவே எங்க ஓட்டை இருக்குன்னு அதுக்கே தெரிஞ்சிடும்.

தப்பு விட்டதுக்குப் பக்கத்துல சரியான எழுத்த மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க, எந்த அடுக்கு தவறிச்சுன்னு ஒரே வார்த்தையில எழுதுங்க: 'திசை', 'எண்ணிக்கை', 'கருப்பு'ன்னு. ரெண்டு மூணு வாரம் கழிச்சு அந்த நோட்ட புரட்டினா ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்திருக்கும், அனேகமா 'திசை'யா இருக்கும். அப்புறம் ஒரு வாரம் அந்த வகைக் கேள்விய மட்டும் எடுத்துப் போடுங்க, டைமர அதுக்கப்புறம் வைக்கலாம், முதல்ல கேள்விக்கு ரெண்டு நிமிஷம், அப்புறம் ஒண்ணர, கடைசியா ஒண்ணு.